இரவல் பிரசங்கம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருகோணமலைப் பட்டினத்து வீதிகளிலே நடந்து செல்பவருக்கு ஓர் இனிய அனுபவம் கிட்டும். கோணேசர் மலைப்பக்கமிருந்து மணியோசை காற்றிலே மிதந்து வரும். சிறிது தூரம் சென்றால் தேவாலயத்திலிருந்து கீதம் எழும். கப்பல்துறையாகப் பெயர்பெற்ற எங்கள் ஊரிலே பல சமயத்தவரும் அடுத்தடுத்த வீதிகளில் வாழ்கின்றனர். ஆதலால் ஒருவருடைய வழிபாட்டின் ஓசை மற்றவருக்குப் புதிதன்று.

நான் சைவன். ஆயினும் கல்லூரியிலே மொழி கற்பிக்கும் ஆசிரியன் ஆதலின் பேச்சுக்கலையில் எனக்கு ஈடுபாடு உண்டு. தேவாலயத்தின் சன்னல்கள் திறந்திருந்தால் இரண்டொரு நிமிடம் நின்று குருவானவரின் பிரசங்கத்தைக் கேட்பேன். அவ்வாறு நின்ற ஒரு நாள் என் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. ஆண்டுக்கு 52 ஞாயிற்றுக்கிழமைகள். அவற்றுக்கு மேலே திருநாள்கள், திருமணங்கள், மரணச் சடங்குகள். ஒவ்வொன்றிலும் இவர் பேசியாதல் வேண்டும். இவ்வளவு பேச்சும் ஒரு மனிதருடைய நெஞ்சிலிருந்தே ஊறி வருமா? ஊறாத வாரத்தில் அவர் என் செய்வார்?

இவ்வினாவைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன். கிறிஸ்தவ உலகம் பல நூற்றாண்டுகளாக இதனை ஆராய்ந்து வந்திருக்கின்றது என்று கண்டு வியந்தேன். பிற சமயத்தார் வீட்டுக்குள் எட்டிப் பார்த்துக் குறை கூறுவது என் நோக்கமன்று. அந்த வீட்டின் கண்ணாடியிலே என் முகமும் தெரிந்தது என்பதனாலேயே இதனை எழுதுகின்றேன்.

நம்மவர் வழக்கம்

முதலில் நம் வீட்டைப் பார்ப்போம். பிறர் சொல்லை எடுத்துச் சொல்வது நம்மிடையே இழிவாகக் கருதப்பட்டதில்லை. நம் கோவில்களிலே கந்தபுராணப் படிப்பு நடைபெறும்போது ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். இருவர் சொல்வதும் கச்சியப்ப சிவாசாரியரின் நூலையே. அங்கே எவரும் ஏமாற்றப்படுவதில்லை. நூலும் ஆசிரியரும் அனைவருக்கும் தெரிந்தவை.

தொல்காப்பியர் நூல்களை முதனூல், வழிநூல் என வகுத்தார். வழிநூலைத் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காகப் பிரித்தார். முன்னோர் சொன்னதைப் பின்னோர் எடுத்தாளலாம் என்பது இதனாற் பெறப்படும். ஆனால் வேறொரு பெயரும் நம் தமிழில் உண்டு. பிறர் பாடிய பாட்டைத் தன் பாட்டென்று கூறுபவனுக்குக் கள்ளக்கவி என்று பெயர். ஆகவே, எடுத்தாள்வது வேறு, திருடுவது வேறு என்பதை நம் முன்னோர் தெளிவாக உணர்ந்திருந்தனர்.

இன்று நாம் கோவிலிலே கேட்கும் சைவப் பிரசங்கமும் ஒருவகையில் இரவல்தான். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகவும் இருந்தவர். பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைபுரிந்தவர். பாதிரிமார் மேடையேறிப் பேசிய முறையை நன்கு அறிந்த அவர், 1847ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோவிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடக்கினார். உருவம் கிறிஸ்தவரிடமிருந்து வந்தது. பொருள் சைவ ஆகமங்களிலிருந்து வந்தது. இதனை எவரும் களவென்று சொல்வதில்லை. நாவலர் எடுத்துக்கொண்டது ஒரு முறையை. பேசியது தம் உள்ளத்திலே தோய்ந்ததை.

அனுமதிக்கப்பட்ட இரவல்

இனிக் கிறிஸ்தவரிடம் வருவோம். வட ஆபிரிக்காவிலே ஹிப்போ நகரத்து ஆயராக விளங்கிய அகுஸ்தீனார் கிறிஸ்தவக் கோட்பாட்டைக் கற்பிக்கும் முறை பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் நான்காம் பகுதியை ஏறக்குறைய 426ஆம் ஆண்டில் முடித்தார். நன்றாகப் பேசும் ஆற்றல் இருந்தும், பேசுவதற்குரியதைத் தாமே இயற்றும் ஆற்றல் இல்லாதவர் சிலர் உண்டு. அத்தகையோர் அறிஞர் எழுதியதை மனனஞ் செய்து மக்களுக்குச் சொல்வதிலே பிழையில்லை என்று அவர் அந்நூலிற் கூறினார். ஒருவரிடமிருந்து ஒருவர் சொல்லைத் திருடுவோரை எரேமியா தீர்க்கதரிசி கண்டித்த இடத்தையும் அவர் ஆராய்ந்தார். இறைவன் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து நடப்பவனுக்கு அச்சொல் பிறர் உடைமையன்று; நல்லதைச் சொல்லித் தீயவனாய் வாழ்பவனே சொல்லைத் திருடுபவன் என்பது அவர் முடிபு. திருட்டின் இலக்கணத்தை அவர் நாவிலே வைக்காமல் நடத்தையிலே வைத்தார்.

இங்கிலாந்திலே 1547ஆம் ஆண்டில் ஆறாம் எட்வர்ட் மன்னனின் காலத்தில், 12 பிரசங்கங்கள் அடங்கிய ஒரு புத்தகத்தைத் திருச்சபையே அச்சிட்டு வழங்கியது. பிரசங்கம் செய்யப் போதிய கல்வியில்லாத குருமார் அவற்றை வாசிக்கவேண்டும் என்பது கட்டளை. வாசிப்பவர் வாசிக்கின்றார் என்பது சபையோருக்குத் தெரியும். அங்கே ஒளிவு மறைவில்லை.

நம் நாட்டிலேயே இதற்கு ஓர் அழகிய எடுத்துக்காட்டு உண்டு. ஒல்லாந்தர் ஆட்சியிலே கத்தோலிக்கக் குருமார் இலங்கைக்கு வருவது தடைசெய்யப்பட்டிருந்தது. 1687ஆம் ஆண்டில் யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடம் பூண்டு இங்கு வந்தார். அவரைப் பின்பற்றி 1705ஆம் ஆண்டில் கோவாவிலிருந்து யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் வந்தார். குருமாரோ மிகச் சிலர். ஓர் ஊருக்கு வந்து சென்ற குரு மீண்டும் வரப் பல மாதங்கள் செல்லும். இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமைகளிலே ஊர் மூப்பரே மக்களைக் கூட்டிச் செபஞ் சொல்விக்கவேண்டிய நிலை. கொன்சால்வெஸ் அடிகள் தமிழையும் சிங்களத்தையும் முயன்று கற்றார்; இரு மொழிகளிலும் நூல்கள் பல எழுதினார். சுவிசேஷ விரித்துரை என்ற தமிழ்ப் பிரசங்க நூல் அவற்றுள் ஒன்று. கிறிஸ்துநாதரின் பாடுகளைப் பற்றிய வியாகுலப் பிரசங்கம் மற்றொன்று.

அடிகள் 1742ஆம் ஆண்டில் போலவத்தை என்னும் ஊரிலே காலமானார். ஆயினும் தவக்காலம் வந்தால் தமிழ்க் கத்தோலிக்கர் வாழும் கரையோர ஊர்களிலே வியாகுலப் பிரசங்கத்தை உருக்கமான இராகத்தில் வாசிக்கும் மரபு நீண்டகாலம் வாழ்ந்து வந்துள்ளது. குருப்பட்டம் பெறாத சாதாரண மக்களே அதனை வாசித்தனர். அவர்களுள் எவராவது அது தாம் இயற்றியது என்று கூறியதுண்டா? இல்லை. பிறருடைய பிரசங்கத்தை வாசித்தனர். கேட்டவரும் கண்ணீர் விட்டனர். இரவல் வாங்கியது பயனைக் குறைக்கவில்லை. ஏனெனில் அங்கே மறைப்பு இல்லை.

மறைப்புத் தொடங்கிய இடம்

அடிசன் என்னும் ஆங்கில எழுத்தாளர் 1711ஆம் ஆண்டில் ஸ்பெக்டேட்டர் பத்திரிகையிலே சேர் ரொஜர் என்ற கற்பனைப் பிரபு ஒருவரைப் பற்றி எழுதினார். அப்பிரபு தம் ஊர்க் குருவானவரிடம் சிறந்த அச்சுப் பிரசங்கங்களைக் கொடுத்து, வாரம் ஒன்றாக வாசிக்கும்படி சொல்லிவிட்டார். நாளை யார் பிரசங்கம் என்று கேட்டால், காலையில் இன்ன ஆயருடையது, மாலையில் இன்ன அறிஞருடையது என்று குருவானவர் தயங்காமல் விடை கூறுவார். இது நகைச்சுவையாக எழுதப்பட்டதாயினும், அக்குருவானவரின் நேர்மை பாராட்டத்தக்கது. அவர் பெயரை மறைக்கவில்லை.

மறைக்க விரும்பியவருக்கு உதவி செய்யவும் ஒருவர் தோன்றினார். ஜோன் டிரஸ்லர் என்ற பாதிரியார் 1769ஆம் ஆண்டில் ஒரு வியாபாரத் திட்டம் வகுத்தார். ஏறக்குறைய 150 பிரசங்கங்களைக் கையெழுத்துப் போலத் தோன்றும் எழுத்துகளிலே அச்சிட்டு, ஒன்று ஒரு ஷில்லிங் விலைக்கு விற்பதே அத்திட்டம். ஏன் கையெழுத்துப் போன்ற அச்சு? மேல்மாடத்தில் அமர்ந்திருப்பவர் எட்டிப் பார்த்தாலும், குருவானவர் இரவெல்லாம் விழித்திருந்து தம் கையால் எழுதியது என்றே எண்ணவேண்டும் அல்லவா? புத்தகத்தை வெளிப்படையாக வாசித்தவருக்கு இந்தத் தந்திரம் தேவைப்படவில்லை. தேவைப்பட்டது பொய்க்கு மட்டுமே.

அக்காலத்துப் பேரறிஞரான சாமுவேல் ஜோன்சனும் பிறருக்காகச் சுமார் 40 பிரசங்கங்கள் எழுதிக் கொடுத்ததாகக் கூறியுள்ளார். அவருடைய நண்பர் ஜோன் டெயிலர் என்ற பாதிரியார் பேசியவற்றுட் பல ஜோன்சன் எழுதியவையே. பணம் பெற்றுக்கொண்டமையால் அவற்றின்மேல் தமக்கு உரிமையில்லை என்று ஜோன்சன் கருதினார். எழுதியவர் இசைந்தார், பேசியவர் விலை கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நட்டம் அடைந்தவர் யார்? சபையிலே அமர்ந்து, இவர் தம்மை நினைத்துச் சிந்தித்து எழுதினார் என்று நம்பிய அந்த ஊர் மக்களே.

பிலடெல்பியாவில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதைவிடச் சுவையானது. 1734ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து சாமுவேல் ஹெம்பில் என்ற இளம் போதகர் அங்கு வந்தார். இனிய குரல், நல்லொழுக்கத்தை வற்புறுத்தும் பேச்சு. பெஞ்சமின் பிராங்கிளின் அவருடைய பிரசங்கங்களை விரும்பிக் கேட்டார். மறுவருடம் கொள்கைப் பிழை உடையவர் என்று திருச்சபையார் ஹெம்பிலை விசாரித்தபோது, அவருக்காகப் பிராங்கிளின் துண்டுப் பிரசுரங்கள் எழுதி வாதாடினார். அந்த வேளையிலே எதிர்க்கட்சியார் ஒருவர் ஒரு பிரசங்கத்தின் பகுதியை முன்னரே எங்கோ வாசித்த நினைவு வந்து தேடிப் பார்த்தார். ஜேம்ஸ் பொஸ்டர் என்ற வேறொரு போதகரின் உரை அது என்பது வெளியாயிற்று. ஒருமுறை வாசித்ததை அப்படியே நினைவில் வைத்துச் சொல்லும் ஆற்றல் தமக்கு உண்டென்றும், தம் பிரசங்கங்களில் ஒன்றேனும் தமது அன்று என்றும் ஹெம்பில் பிராங்கிளினிடம் ஒப்புக்கொண்டார்.

ஆதரவாளர் பலர் அவரைக் கைவிட்டனர். பிராங்கிளின் மட்டும் கைவிடவில்லை. சொந்தமாகச் செய்த மோசமான பிரசங்கத்தைக் கேட்பதைவிடப் பிறர் செய்த நல்ல பிரசங்கத்தைக் கேட்பதே மேல் என்பது அவர் கருத்து. இதிலே உண்மையும் இருக்கின்றது. சோற்றை ஆக்கியவர் யார் என்று பசித்தவன் கேட்பதில்லை. ஆயினும் ஹெம்பில் ஊரைவிட்டே போகவேண்டியதாயிற்று. அவர் பேசிய நல்லொழுக்கத்தையும் அவரோடு சேர்த்து எதிரிகள் எள்ளி நகையாட வழியுண்டாயிற்று. நல்ல பொருளுக்கே அதனால் தீங்கு நேர்ந்தது.

நம் காலத்திலே

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் விடுதலைக்காக உயிர் நீத்த மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் புகழை அறியாதார் இலர். அவர் பொஸ்டன் பல்கலைக்கழகத்திலே 1955ஆம் ஆண்டில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அதற்கு அவர் அளித்த ஆய்வேட்டிலே பிறர் எழுதியவை உரிய குறிப்பின்றி எடுத்தாளப்பட்டுள்ளன என்று அப்பல்கலைக்கழகம் நியமித்த குழு 1991ஆம் ஆண்டில் முடிவு செய்தது. பட்டத்தைப் பறிக்கவில்லை, நூலகத்திலுள்ள ஆய்வேட்டோடு அம்முடிவைக் கூறும் கடிதம் ஒன்றை இணைத்தனர். அவருடைய பிரசங்கங்களிலும் பிற போதகர் கூறியவை கலந்திருத்தலை அறிஞர் எடுத்துக் காட்டினர். கறுப்பின மக்களின் தேவாலய மரபிலே நல்ல சொற்றொடர்கள் அனைவருக்கும் பொதுச் சொத்தாகக் கருதப்பட்டன என்று அவர்களுட் சிலர் விளக்கமும் கூறினர். அவ்விளக்கம் பிரசங்க மேடைக்கு ஓரளவு பொருந்தலாம், ஆய்வேட்டுக்குப் பொருந்தாது. பெரியோரின் பெருமை இதனால் அழிந்துவிடுவதில்லை. ஆனால் பெரியோர் செய்தார் என்பதனாற் பிழை சரியாகிவிடுவதுமில்லை.

2021ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அமெரிக்காவின் தென் பகுதி பப்டிஸ்து திருச்சபைகளின் பேரவைக்கு எட் லிட்டன் என்ற போதகர் தலைவராகத் தெரிவு செய்யப்பட்டார். சில நாள்களுக்குள்ளேயே, அவருடைய பிரசங்கம் ஒன்றையும், அவருக்கு முன் தலைவராயிருந்த கிரியர் என்பவரின் பிரசங்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டும் காணொளிகள் பரவின. தாம் அனுமதி கொடுத்ததாகக் கிரியர் கூறினார். லிட்டனும் பெயரைச் சொல்லாமல் விட்டமைக்காக மன்னிப்புக் கேட்டார். எனினும் பேச்சு அடங்கவில்லை. இரண்டாம் முறை போட்டியிடும் வழக்கம் இருந்தும், தாம் போட்டியிடப் போவதில்லை என்று அவர் 2022ஆம் ஆண்டில் அறிவித்தார். உரியவர் அனுமதி கொடுத்த பின்பும் ஏன் இவ்வளவு கலக்கம்? கேட்டவரிடம் அனுமதி பெறவில்லை என்பதே காரணம். பொருளைக் கொடுத்தவரோடு மட்டும் முடிந்துவிடும் கணக்கன்று இது.

துயர் வந்த ஞாயிறு

இப்போது நம் ஊருக்குத் திரும்புவோம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று காலையிலேதான் ஆழிப்பேரலை எங்கள் கரையிலே ஏறியது. அடுத்து வந்த நாள்களில் பிள்ளையை இழந்த தாய் முன்னும், வள்ளத்தையும் வீட்டையும் ஒருங்கே இழந்த மீனவர் முன்னும் நின்று பேசவேண்டிய கடமை குருமாருக்கு வந்தது. பெரும் பிரசங்கிகளின் தொகுதிகள் பல அச்சில் உள்ளன. லண்டனிலே வாழ்ந்த ஸ்பர்ஜன் என்பவரின் பிரசங்கங்கள் 1855ஆம் ஆண்டு தொடக்கம் வாரந்தோறும் வெளியாகி, அவர் 1892ஆம் ஆண்டில் இறந்த பின்னரும் 1917ஆம் ஆண்டு வரை தொடர்ந்து வந்தன. அவை அத்தனையையும் புரட்டினாலும், அந்தத் தாயின் பெயர் அவற்றில் இராது. அன்று வேண்டப்பட்டது அழகிய பேச்சன்று. அவளை அறிந்த ஒருவர் திக்கித் திணறிச் சொல்லும் நாலு வார்த்தைகள்.

பிரசங்கத்தின் உயிர் இதிலேதான் உண்டு. நூல்களிலிருந்து விளக்கம் எடுக்கலாம், உவமை எடுக்கலாம், கதை எடுக்கலாம். ஆனால் வேறொருவர் தம் மகன் நோயுற்றபோது பட்ட துயரை, "என் மகன் நோயுற்றபோது" என்று ஒரு குருவானவர் சொல்வாராயின், அங்கே இரவல் முடிந்து பொய்ச்சாட்சி தொடங்கிவிடுகின்றது. பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்பது அவர்கள் வேதத்தின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

இப்பொழுது இரவல் கொடுக்க இயந்திரமும் வந்துவிட்டது. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ஜேர்மனியின் ஃபியூர்த் நகரத்துத் தேவாலயம் ஒன்றில், சட்ஜிபிடி என்னும் கணினி அறிவு எழுதிய வழிபாட்டைத் திரையில் தோன்றிய உருவங்கள் நடத்தின. 300க்கு மேற்பட்டோர் அதிற் கலந்துகொண்டனர். இயந்திரம் எழுதியது என்று முன்கூட்டியே அறிவித்து நடத்தினமையால் அது ஒரு பரிசோதனை; ஏமாற்று அன்று. அறிவிக்காமல் நடத்தப்படுபவை எத்தனை என்பதை யார் எண்ணுவார்?

நான் செய்த பிழை

முன்பு கண்ணாடி என்றேன் அல்லவா? அதனை இப்போது சொல்லிவிடுகின்றேன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன், நான் ஆசிரியத் தொழிலுக்குப் புதியவன். ஒரு கோவில் திருவிழாவிலே சொற்பொழிவாற்ற அழைத்தார்கள். ஆயத்தம் செய்ய நேரமில்லை. பழைய விழா மலர் ஒன்றிலே மாணிக்கவாசகரைப் பற்றி ஓர் அருமையான கட்டுரை இருந்தது. எழுதியவர் அப்போது உயிரோடு இல்லை. அதனை நெட்டுருச் செய்து, என் சொந்தச் சிந்தனை போலவே பேசினேன். கைதட்டல் பலமாக இருந்தது.

கூட்டம் கலைந்தபின் முதியவர் ஒருவர் தடியூன்றி அருகில் வந்தார். "தம்பி, நல்லாய்ப் பேசினீர். எங்கள் வாத்தியார் எழுதினதைத் திரும்பவும் கேட்டதிலே எனக்கு நல்ல சந்தோஷம். அவருடைய பேரையும் ஒருக்காற் சொல்லியிருக்கலாம்" என்றார். குரலிலே கோபமில்லை. விபூதிப் பிரசாதத்தை என் கையிலே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. இறந்துபோன ஓர் ஆசிரியரின் பெயரை ஊரார் மீண்டும் ஒருமுறை கேட்டிருக்கக்கூடிய வாய்ப்பை நான் கெடுத்துவிட்டேன். ஒரு நிமிடம் போதும், அந்தப் பெயரைச் சொல்ல. சொல்லியிருந்தால் என் மதிப்பும் குறைந்திராது.

அன்று தொட்டு மேடையேறினால், இன்ன கருத்து இன்னாரிடம் கற்றது என்று சொல்லிவிடுவது என் வழக்கமாயிற்று. இவ்வாறு சொல்லும்போது சபையோர் முகஞ் சுளித்ததை நான் கண்டதில்லை. மாறாக, அந்நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டு வருவோர் உண்டு.

என் மாணவர் பேச்சுப் போட்டிக்கு ஆயத்தம் செய்து என்னிடம் வரும்போது, இதனை எங்கே எடுத்தாய் என்றுதான் முதலிற் கேட்பேன். பலர் தலைகுனிவர். தலைகுனிய வேண்டியதில்லை, எடுத்த இடத்தைச் சொன்னால் போதும் என்பேன். பின்னர், அதிலே உனக்கு உடன்பாடில்லாத ஒரு கருத்தைச் சொல் என்பேன். அதைத் தேடப் புகும்போது பிள்ளை தானாகவே சிந்திக்கத் தொடங்கிவிடும். ஒரு வாரம் சென்று அதே மாணவன் திரும்பி வருகையில், பேச்சிலே பாதியேனும் அவனுடையதாக இருக்கும்.

வீடுகளிலே பிள்ளைகளுக்குப் பேச்சு எழுதிக் கொடுக்கும் தாய் தந்தையரும் இதனைச் சற்று எண்ணிப் பார்ப்பார்களாக. முழுப் பேச்சையும் எழுதிக் கொடுத்துப் பரிசு வாங்கச் செய்வதைவிட, பிள்ளை தானே எழுதிய பத்து வரிகளை வீட்டார் முன்னிலையிற் பேசச் செய்து கேட்பது எவ்வளவோ மேல். அந்தப் பத்து வரிகளிலே பாட்டி சொன்ன கதையொன்று வந்தால், "இது எங்கள் அப்பாச்சி சொன்னது" என்று தொடங்கும்படி சொல்லிக் கொடுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் அப்பாச்சிக்கும் அது மகிழ்ச்சியாக இருக்கும்.